அமைதியான காலை, இருண்ட மாலை: ஹொக்கைடோ பனிப்புயல், மார்ச் 2013 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் 2013 மார்ச் 2, 3 தேதிகளில் வீசிய பனிப்புயலில் ஒன்பது பேர் இறந்தார்கள். முன்னறிவிப்பு தவறிப்போன கதை இல்லை இது. புயல் வரும் என்று சொல்லப்பட்டது, சொன்னபடியே வந்தது. அப்படியிருந்தும் மக்கள் வெளியே போனார்கள், திரும்ப முடியாமல் சாலையில் மாட்டிக்கொண்டார்கள். சரியாகச் சொன்ன முன்னறிவிப்பு ஏன் உயிரைக் காக்கவில்லை என்ற கேள்விக்காகத்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். இறந்தவர்களில் சிலரது கடைசி மணி நேரங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே பெயர்களையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு, அவர்கள் எடுத்த முடிவுகளை மட்டும் எழுதுகிறேன்.

இடமும் பருவமும்

ஹொக்கைடோவின் வடகிழக்குக் கரை ஓகோட்ஸ்க் கடலைப் பார்த்து இருக்கிறது. ஜனவரி கடைசியில் இந்தக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்கள் வடக்கிலிருந்து இறங்கி வந்து கரையை அடைக்கும். மார்ச் வரை அவை அங்கேயே கிடக்கும். மீன்பிடிப் படகுகள் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். கரையை ஒட்டிய சமவெளியில் கிழங்கு, வெங்காயம், கோதுமை வயல்களும் பால் பண்ணைகளும் உண்டு. தென்கிழக்கே போனால் கொன்சென் மேட்டுநிலம். நகாஷிபெட்ஸு ஊரைச் சுற்றிய அந்த மேய்ச்சல் நிலத்தில், காற்றைத் தடுக்கவென்றே சுமார் 180 மீட்டர் அகலத்தில் மரத்தடுப்புகள் சதுரங்கக் கட்டம்போல வளர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். விண்வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும் கட்டங்கள் அவை. காற்று அங்கே எப்படி வீசும் என்பதை அந்த மரங்களை நட்டவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். கடைக்கும், மருத்துவமனைக்கும், பிள்ளைகளை அழைத்துவரவும் கார் இல்லாமல் முடியாது. இரண்டு ஊர்களுக்கு நடுவே வீடே இல்லாத நேர்ச்சாலைகள் கிலோமீட்டர் கணக்கில் நீளும். பனிக்காலம் என்பது அங்கே பேரிடர் இல்லை. ஐந்து மாதம் நீளும் அன்றாட வாழ்க்கை. பனியில் வண்டி ஓட்டுவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கத்துக்கும் இந்த நிகழ்வில் ஒரு பங்கு உண்டு.

மார்ச் தொடக்கம் இரண்டுங்கெட்டான் காலம். நாட்காட்டி வசந்தம் என்கிறது. மார்ச் 3 பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள், ஹினமத்சுரி. பகல் நீண்டுகொண்டிருக்கும். நண்பகலில் கூரைப் பனி உருகிச் சொட்டும். ஆனால் வயல்களில் பனி இன்னும் ஆழமாகவே கிடக்கும். மேலே, சைபீரியாவில் தேங்கிய குளிர்காற்று இன்னும் வலுவாக இருக்க, தெற்கே பசிபிக் பக்கத்துக் காற்று வெதுவெதுப்பாகத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடுதான் தாழ்வழுத்தங்களுக்கு, அதாவது காற்றழுத்தம் குறைந்து புயலைக் கொண்டுவரும் பகுதிகளுக்கு, தீனி. ஆகவே குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் ஜப்பானைச் சுற்றிய கடல்களில் தாழ்வழுத்தங்கள் திடீர் திடீரென்று வலுக்கும்.

இப்படி வலுப்பவற்றுக்கு வானிலையியலில் ஓர் அளவுகோல் உண்டு. 60 பாகை அட்சரேகையில் 24 மணி நேரத்தில் மைய அழுத்தம் 24 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) சரிந்தால் அது வெடிப்பு வேகத்தில் வளர்ந்த தாழ்வழுத்தம். தெற்கே வர வர அந்த வரம்பு குறையும். ஹொக்கைடோ இருக்கும் 44 பாகைக்குக் கணக்கிட்டால் சுமார் 19 ஹெக்டோபாஸ்கல். ஜப்பானியச் செய்தித்தாள்கள் இதை 'வெடிகுண்டுத் தாழ்வழுத்தம்' என்று எழுதும். ஜப்பான் வானிலை முகமை அந்தச் சொல்லைத் தவிர்த்து, 'வேகமாக வளரும் தாழ்வழுத்தம்' என்றே குறிப்பிடும்.

வரைபடத்தில் தெரிந்தது

ஜப்பான் கடலில் இருந்த தாழ்வழுத்தம் ஹொக்கைடோவைத் தாண்டிக் கிழக்கே போகும், போகும்போதே வலுக்கும் என்பதைக் கணினி மாதிரிகள் முன்கூட்டியே காட்டின. ஓகோட்ஸ்க் பகுதிக்கு அபாஷிரி வானிலை நிலையமும், நகாஷிபெட்ஸு அடங்கிய நெமுரோ பகுதிக்குக் குஷிரோ வானிலை நிலையமும் பொறுப்பு. இரண்டுக்கும் மேலே சப்போரோ தலைமை நிலையம். பனிப்புயல் குறித்த அறிவிப்புகள் புயலுக்கு முன்பே வெளியாகின. 2010 முதல் ஜப்பானில் எச்சரிக்கைகள் ஊராட்சி, நகராட்சி வாரியாகவே வெளியிடப்படுவதால், எந்த ஊருக்கு என்பதிலும் குழப்பம் இல்லை.

இத்தகைய தாழ்வழுத்தம் கடக்கும்போது நடப்பதைப் படிப்படியாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதெல்லாம் இதைச் சார்ந்தவை.

தாழ்வழுத்தம் மேற்கே இருக்கும்போது அதன் முன்பக்கத்தில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். ஓகோட்ஸ்க் கரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் மலைகள் இருப்பதால் அந்தக் காற்றும் தணிந்தே வரும். மையம் நெருங்க நெருங்கச் சமஅழுத்தக் கோடுகள் (ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை வரைபடத்தில் இணைப்பவை) விலகி, காற்று இன்னும் ஓயும். மையம் கிழக்கே நழுவியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். பின்பக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்து நிற்க, வடமேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் குளிர்காற்று பாயும். அந்தத் திசையில் மலை கிடையாது, பனிப்பாளம் மூடிய கடல்தான். தாழ்வழுத்தம் விலகிப் போகும்போதே வலுத்துக்கொண்டும் போவதால், மிகக் கடுமையான காற்று மையம் கடந்த பிறகுதான் வரும்.

ஜப்பானிய மலையேறிகளிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கிஜி-கோதென். பொய்யான நல்ல வானிலை என்று பொருள். மலையில் இதை நம்பிக் கூடாரத்தை விட்டுக் கிளம்பியவர்கள் பலர் திரும்பி வந்ததில்லை. ஆகவே மலையேறும் சங்கங்களில் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். கடைக்குப் போகக் கார் எடுப்பவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சனிக்கிழமை காலை

மார்ச் 2 சனிக்கிழமை. கிழக்கு ஹொக்கைடோவில் காலை அமைதியாக விடிந்தது. முந்தின நாளே புயல் செய்தி வந்துவிட்டது. ஆனால் வாசலைத் திறந்து பார்த்தால் காற்றில்லை, சாலை நன்றாகத் தெரிகிறது. விடுமுறை நாள், மறுநாள் திருநாள். வேலையும் வாங்க வேண்டியவையும் இருந்தன. மக்கள் கிளம்பினார்கள்.

இந்த முடிவை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட்டால் இந்த ஆய்வால் பயனே இல்லை. அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் நியாயமான கணக்குதான் அது. ஒரு பனிக்காலத்தில் பனிப்புயல் எச்சரிக்கை ஒருமுறை மட்டும் வருவதில்லை, பலமுறை வரும். பெரும்பாலான முறை மெதுவாக ஓட்டினால் வீடு வந்து சேர்ந்துவிடலாம். முப்பது ஆண்டுகளாக அப்படி வந்து சேர்ந்தவருக்கு அந்த எச்சரிக்கை 'கவனமாகப் போ' என்று சொல்கிறது, 'போகாதே' என்று சொல்வதில்லை. அதோடு, கண்ணுக்கு முன்னால் இருக்கும் வானம் எந்த அறிவிப்பையும்விடச் சத்தமாகப் பேசுகிறது. புயல் வரப்போகிறது என்றால் வானம் முதலில் கறுக்கும், காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்பதுதான் எல்லோரும் வைத்திருந்த கணக்கு. அன்றைய புயல் அந்த அவகாசத்தைத் தரவில்லை.

அறிவிப்பின் மொழியிலும் ஓர் இடைவெளி இருந்தது. ஜப்பான் வானிலை முகமை ஒரு நாளை மூன்று மூன்று மணி நேரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறது. பகல் 12 முதல் 3 வரை 'ஹிருசுகி', 3 முதல் 6 வரை 'யூகாதா'. நல்ல ஏற்பாடு, மழைக்கும் வெயிலுக்கும் போதும். ஆனால் 'ஹிருசுகியிலிருந்து' என்று படிக்கும் ஒருவருக்கு அது பன்னிரண்டரையா, இரண்டே முக்காலா? வழக்கமான நாளில் அந்த வேறுபாடு பெரிதல்ல. சாலை தெரியும் நிலையிலிருந்து வண்டியின் முன்பக்கமே தெரியாத நிலைக்குச் சில நிமிடங்களில் மாறிவிடும் நாளில், அந்த இரண்டேகால் மணி நேரம் வீட்டுக்கும் நடுச்சாலைக்கும் உள்ள தூரம்.

பிற்பகல்

மதியத்துக்குப் பிறகு காற்று திரும்பியது.

இங்கே வானத்திலிருந்து விழும் பனியை மட்டும் நினைக்கக் கூடாது. ஏற்கெனவே வயல்களில் கிடக்கும் உலர்ந்த பனியைக் காற்று வாரி எடுத்து அடிக்கிறது. இதை அந்த ஊர்க்காரர்கள் 'ஜிஃபுபுகி', அதாவது நிலப்பனிப்புயல் என்பார்கள். வானம் வெளுத்திருந்தாலும், ஒரு துளிப் பனி புதிதாக விழாவிட்டாலும், நிலத்தில் புயல் நடக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுமந்து போகும் பனி இரட்டிப்பதோடு நிற்பதில்லை, பல மடங்காகிவிடும். முகமையின் சொற்களில் வினாடிக்கு 15 மீட்டருக்கு மேற்பட்ட காற்றோடு கூடிய பனி 'மோஃபுபுகி', கடும் பனிக்காற்று. அந்த நிலையில் காருக்குள் இருப்பவருக்குக் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும்தான் தெரியும். மேல், கீழ், சாலை, வயல் என்ற பிரிவே இருக்காது. விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சமும் பனியில் பட்டுத் திரும்பி வந்து கண்ணை இன்னும் கூசவைக்கும்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். பின் நிறுத்துகிறார். நின்ற வண்டியே காற்றுக்குத் தடையாகிறது. தடையின் மறைவில் காற்று தளரும், தளர்ந்த இடத்தில் சுமந்துவந்த பனியைப் போடும். முதலில் சக்கரம் புதைகிறது, பிறகு கதவின் பாதி. பத்து நிமிடம் நின்று பார்க்கலாம் என்று நிறுத்தியவரால் பிறகு நகரவே முடிவதில்லை. பின்னால் வந்த வண்டி அவருக்குப் பின்னால் நிற்கிறது. இப்படி ஒரு வண்டி நின்றால் அந்தச் சாலையே அடைபட்டுப்போகும். பனி அகற்றும் வண்டியும் உள்ளே வர முடியாது, ஆம்புலன்ஸும் வர முடியாது.

இதே நாளில், இதே தாழ்வழுத்தத்தின் வீச்சில், ஹொக்கைடோவுக்குத் தெற்கே ஹொன்ஷு தீவின் அகிதா மாநிலத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒன்று பனியில் தடம் புரண்டது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் காயமில்லை. தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கே அந்த நிலை.

கிழக்கு ஹொக்கைடோவில் மார்ச் தொடக்கத்தில் சூரியன் மாலை 5.15 வாக்கில் மறையும். நான்கு மணிக்கு மாட்டிக்கொண்டவருக்கு ஒரு மணி நேர வெளிச்சம்தான் மிச்சம்.

வண்டிக்குள் எடுத்த முடிவுகள்

இந்த நிகழ்வில் என் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி இது. மாட்டிக்கொண்டவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: வண்டிக்குள்ளேயே இருப்பது, இறங்கி நடப்பது. இரண்டுமே உயிரைக் குடித்தன.

நகாஷிபெட்ஸு ஊரில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் ஒரே குடும்பத்தினர், ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். அவர்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை. பனியில் மாட்டினால் வண்டியிலேயே இரு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, சரியான அறிவுரையும்கூட. குளிருக்கு என்ஜின் ஓடவேண்டும், ஹீட்டர் எரியவேண்டும். ஆனால் பனி சைலன்சர் குழாயை மூடும்போது வெளியேற வழியில்லாத புகை வண்டிக்கு அடியில் தேங்கி, உள்ளே புகுகிறது. அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும். களைத்துப்போய்க் காத்திருப்பவருக்குத் தூக்கம் வருவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன் முன்பகுதி வரை பனியில் புதைத்த காரில் என்ஜினை ஓடவிட்டுச் சோதித்தபோது, 22 நிமிடங்களில் உள்ளே அந்த வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கு என்ற அளவை எட்டியது. கருவியால் அளக்க முடிந்த உச்சமே அதுதான்.

ஓகோட்ஸ்க் கரையோர ஊர் ஒன்றில் ஒரு தந்தை, மகளை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில் மாட்டினார். வண்டி பனியில் புதைந்தது. கைப்பேசி வேலை செய்தது, உறவினருக்குச் சொல்ல முடிந்தது. தேடிப் போனவர்களால்தான் அந்த இடத்தை எட்ட முடியவில்லை. அவர் இறங்கி நடக்க முடிவு செய்தார். மறுநாள் காலையில் வண்டியிலிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளி, ஒரு கிடங்கின் சுவரோரம் இருவரையும் கண்டுபிடித்தார்கள். தம் மேலங்கியை மகளுக்குப் போர்த்தி, அவள்மீது கவிழ்ந்து, காற்றைத் தம் முதுகில் வாங்கியபடி கிடந்தார். மகள் பிழைத்தாள்.

300 மீட்டர் நடக்க நல்ல நாளில் நான்கு நிமிடம் போதும். அன்று இரவு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெப்பநிலை உறைநிலைக்கு 6 பாகை கீழே, காற்று மணிக்கு 54 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், திறந்திருக்கும் தோலுக்கு அது உறைநிலைக்கு 17 பாகை கீழே இருப்பதற்குச் சமம். உடையில் பனித்தூள் புகுந்து உருகி நனைத்துவிட்டால் இந்தக் கணக்கும் போதாது. கண் திறக்க முடியாத வெள்ளையில் நேராக நடக்கவும் யாராலும் முடியாது. மனித உடல் எந்தக் குறியும் இல்லாத இடத்தில் வளைந்தே நடக்கும்.

அவர் இறங்கியது தவறா? வண்டியிலேயே இருந்திருந்தால் என்ற கேள்விக்கு நகாஷிபெட்ஸு குடும்பம் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கமாட்டேன். வண்டி நின்ற பிறகு நல்ல முடிவு என்று ஒன்று ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. நல்ல முடிவு எடுக்க முடிந்த கடைசி நேரம் அன்று மதியம். அந்த நேரம் எது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மற்றவர்களில் அபாஷிரி, கிதாமி, ஃபுரானோ ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. வண்டியை விட்டு இறங்கி நடந்து, குளிரில் விறைத்து இறந்தவர்கள் இவர்களில் இருந்தார்கள். காற்றுத் தடுப்பு மரங்கள் கட்டம் கட்டி நிற்கும் ஊரிலேயே சாவு அதிகம் என்பதை இங்கே குறிக்க வேண்டும். மரத்தடுப்பு தனக்கு அருகே காற்றைத் தணிக்கும். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே உள்ள மூன்று கிலோமீட்டர் திறந்த வெளிக்கு அதன் நிழல் எட்டாது.

பின்னர் மாறியவை

முதல் மாற்றம் சொற்களில் வந்தது. அடுத்து வந்த பனிக்காலங்களில் 'சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கடும் பனிக்காற்று' என்ற தொடர் வானிலை அறிவிப்புகளில் இடம்பெறத் தொடங்கியது. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற எண்ணைவிட இது நல்லது. 'இது நீங்கள் வழக்கமாகச் சமாளித்து வீடு சேரும் எச்சரிக்கை இல்லை' என்பதை அது மக்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டே சொல்லிவிடுகிறது. வெளியே போவதைத் தவிருங்கள் என்ற நேரடி வேண்டுகோளும் கூடச் சேர்ந்தது.

2013 ஆகஸ்ட் 30 அன்று 'சிறப்பு எச்சரிக்கை' என்ற உச்சநிலையை ஜப்பான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பனிப்புயலும் அதில் ஒரு வகை. ஆனால் இந்த ஏற்பாடு இந்தப் புயலுக்காக வந்ததன்று, 2011-இன் சுனாமியும் பெருவெள்ளமும்தான் அதற்குக் காரணம். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நேரும் பேரழிவுக்கானது அது. மார்ச் 2 போன்ற ஒரு சனிக்கிழமைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

சாலையில் வந்த மாற்றம் இதைவிடப் பெரியது என்பது என் கருத்து. வண்டிகள் மாட்டிய பிறகு சாலையை மூடுவதற்குப் பதிலாக, மாட்டுவதற்கு முன்பே மூடும் வழக்கம் வலுத்தது. 2014 நவம்பரில் பேரிடர்ச் சட்டம் திருத்தப்பட்டு, கைவிடப்பட்ட வண்டிகளைச் சாலை நிர்வாகமே நகர்த்தும் அதிகாரம் கிடைத்தது. அதற்கு உடனடிக் காரணம் அந்த ஆண்டு பிப்ரவரியில் தோக்கியோ வட்டாரத்தில் கொட்டிய பனி என்றாலும், ஹொக்கைடோவுக்கும் அது தேவையான அதிகாரமே. சப்போரோவில் உள்ள குளிர்நிலப் பொறியியல் ஆய்வு நிலையம் பனிக்காற்றில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதைப் பகுதி வாரியாக, சில மணி நேரம் முன்கூட்டியே வரைபடமாக இணையத்தில் தருகிறது. காற்றின் வேகத்தைச் சொல்லாமல் பார்வைத் தொலைவைச் சொல்வது ஓட்டுநரின் கேள்விக்கு நேரான விடை. '20 மீட்டர் காற்று' எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 'நூறு மீட்டருக்கு அப்பால் தெரியாது' என்பது புரியாத ஓட்டுநர் இல்லை.

2014 டிசம்பரில் இந்த மாற்றங்களுக்குச் சோதனை வந்தது. 2013-இல் வந்ததைவிட ஆழமான ஒரு தாழ்வழுத்தம், மைய அழுத்தம் 950 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே இறங்கிய ஒன்று, ஹொக்கைடோவுக்கு அருகே வந்தது. இம்முறை 'சில ஆண்டுகளுக்கு ஒருமுறை' என்ற சொற்களோடு முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. நெமுரோவில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. ஆனால் 2013-இன் சாலைக் காட்சி அதே அளவில் திரும்பவில்லை. இதை முழு வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை. அந்தப் புயல் முதல் நாளிலிருந்தே புயலாகத் தெரிந்தது. டிசம்பரில் மக்களும் குளிருக்கு ஆயத்தமாக இருப்பார்கள். மார்ச் மாதத்து அமைதியான காலையைப் போல அது யாரையும் ஏமாற்றவில்லை.

நான் மாற்ற விரும்புவது

அமைதியையும் முன்னறிவிப்பில் சேர்க்க வேண்டும். புயல் வரும் என்பதை மட்டும் சொல்லி, அதற்கு முன்னால் வரும் நல்ல வானிலையைச் சொல்லாமல் விட்டால், அந்த நல்ல வானிலையே முன்னறிவிப்பைப் பொய்யாக்கிவிடும். காலையில் வாசலைத் திறப்பவர் 'சொன்னது நடக்கவில்லை' என்றுதான் நினைப்பார். 'காலையில் காற்று இருக்காது' என்று முதல் நாளே சொல்லியிருந்தால், காற்றில்லாத அந்தக் காலையே முன்னறிவிப்பு பலிக்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

இரண்டாவதாக, எந்த நேரத்துக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். வானிலையாளர்களுக்கு இதில் தயக்கம் இருப்பது எனக்குப் புரிகிறது. தாழ்வழுத்தத்தின் வேகத்தில் கொஞ்சம் பிசகினாலும் காற்று திரும்பும் நேரம் ஒரு மணியோ இரண்டோ நகரும். ஒரு மணி என்று சொல்லி மூன்றுக்கு வந்தால் கேலி செய்வார்கள், அடுத்த முறை நம்பமாட்டார்கள். அந்தத் தயக்கத்தால்தான் மூன்று மணி நேரப் பெயர்களுக்குள் ஒளிந்துகொள்கிறோம். நேரத்தை ஊகமாகச் சொல்லாமல், வரம்பாகச் சொன்னால் இந்தச் சிக்கல் தீரும். காற்று மாறக்கூடிய மிக முந்தைய நேரத்தை எடுத்து, அதற்கும் ஒரு மணி முன்னதாகத் திரும்பும் நேரத்தை வைக்கலாம். அதன் பின் புயல் தாமதித்தால் யாருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது, மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். தனியாக ஒரு கையேட்டில் இருந்து பயனில்லை, கையேடு வீட்டில் இருக்கும். சைலன்சரைச் சுற்றிய பனியை அடிக்கடி அள்ளிப் போடு, அள்ள முடியாவிட்டால் என்ஜினை அணைத்துவிட்டுப் போர்வையை நம்பு, கதவு திறக்கும் நிலையில் இருக்கும்போதே அவ்வப்போது திறந்து பார். இதற்குக் காரில் ஒரு மண்வெட்டியும் இரண்டு போர்வையும் இருந்தால் போதும். மார்ச் மாதம் வந்ததும் இனித் தேவையில்லை என்று அவற்றை வண்டியிலிருந்து எடுத்துவிடுவது எளிது. ஆகவே அதையும் அறிவிப்பில் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து, 2013 மார்ச் 1 வெள்ளிக்கிழமை மாலை ஓகோட்ஸ்க் கரை ஊர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு இருந்திருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று பலமுறை எழுதிப் பார்த்தேன். கடைசியில் நின்றது இது:

"நாளை சனிக்கிழமை காலை அமைதியாக இருக்கும். காற்று இருக்காது, சாலை தெளிவாகத் தெரியும். அதை நம்பித் தொலைவு போகாதீர்கள். நண்பகல் தொடங்கி எந்த நேரத்திலும் காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசும். திரும்பிய சில நிமிடங்களில் சாலை கண்ணுக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டால் இரவு முழுவதும் யாராலும் உங்களிடம் வர முடியாமல் போகலாம். வேலையைக் காலையிலேயே முடியுங்கள். பிள்ளைகளைக் காலையிலேயே அழைத்து வந்துவிடுங்கள். பகல் 11 மணிக்கு வெளியில் இருந்தால், எங்கே இருக்கிறீர்களோ அங்கே ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். வீடு பக்கத்தில்தான் என்றாலும் பிற்பகலில் கிளம்பாதீர்கள். ஞாயிறு காலை வெளிச்சம் வரும்வரை அங்கேயே இருங்கள்."